ஏழாவது வாசலும் மெயின் சுவிட்சும்

ஏழாவது வாசலில் கால் வைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிவி கறுத்தது. வரதராசாவின் முகமும் கறுத்தது.

இன்றைக்கு இது நாலாவது தடவை.

ஜன்னலால் எட்டிப் பார்த்தான். எதிர்த் தையல்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து பேக்கரியில் ஃபேன் சுற்றுகிறது. பிலிமத்தலாவை முழுக்கக் கரண்ட் இருக்கிறது, இந்த வீட்டைத் தவிர.

அப்படியென்றால் கீழே இருக்கிற வீட்டுக்காரர் மக்கீன் ஹாஜியாரின் வேலைதான். மெயின் சுவிட்ச் இருப்பது மாடிப்படிக்குக் கீழே.

வரதராசா கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். ஊர் யாழ்ப்பாணம். இந்தச் சிங்கள ஊருக்கு வந்து நாலு வருடம். சம்பளம் எடுத்த கையோடு டிவி கேம் சீடி ஒன்று வாங்குவான். வாங்குவதோடு சரி. காலையில் பஸ், வழியில் ரெண்டு செக் பொயின்ட், இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டி ஏற வேண்டும். பின்னேரம் திரும்பவும் அதே கூத்து. வீட்டுக்கு வந்து விழுந்தால் நித்திரை. அலுமாரியில் நாற்பத்து மூன்று சீடிகள் பொலித்தீன் உறைகூடக் கிழியாமல் கிடந்தன.

போன கிழமை ஒரு வைராக்கியம் வந்தது. கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லி இந்தக் கிழமை மூன்று நாள் லீவு போட்டான். கொப்பி ஒன்றில் கோடு அடித்தான். இலக்கம், புள்ளி, குறிப்பு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அரை மணித்தியாலம்.

"இலக்கம் 1. முழுக்க ஜப்பான் எழுத்து. தவளை ஒன்று அழுதுகொண்டேயிருக்கிறது. காரணம் அறியக்கூடவில்லை. புள்ளி 3."

"இலக்கம் 4. கார் ஓட்டம். கார் பின்பக்கமாக மட்டுமே ஓடுகிறது. புள்ளி 2."

விளையாட்டுப் பிடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ரெண்டை வெட்டி ஆறு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தான். கிளாக்கர் புத்தி விடுமா?

இன்று காலை, ஒன்பதாவது சீடியில்தான் மனுசன் கவிழ்ந்தான். ஒரு கோட்டை, ஏழு வாசல், வாசலுக்கு வாசல் பேய்ப்படை, கையில் பெரிய துவக்கு. அரை மணித்தியாலச் சட்டம் காற்றில் பறந்தது. ஒரு மணித்தியாலம் விடாமல் சுட்டால் ஏழாவது வாசல். விட்ட இடத்தைப் பதிந்து வைக்கிற மெமரி கார்ட் அவனிடம் இல்லை. கரண்ட் போனால் திரும்ப முதலாம் வாசல்தான்.

தவளை அழுதபோது கரண்ட் போகவில்லை. கார் ஓடியபோது போகவில்லை. சுடத் தொடங்கினால் போகிறது. துவக்கு விளையாட்டுக்குக் கரண்ட் கூடுதலாய் இழுக்கும் என்று கிழவர் கண்டுபிடித்துவிட்டார், வேறென்ன? ஹாஜியாருக்கு ஊரில் நல்ல பெயர். ஒரே தேயிலைத் தூளில் மூன்று தரம் தேத்தண்ணி ஊற்றுகிறவர் என்பார்கள்.

மூன்று தரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். காரணம் இருந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துப் பதினொரு வீட்டில் கதவைச் சாத்தியிருந்தார்கள். பன்னிரண்டாவது இந்த வீடு. இதையும் விட்டால் ரோட்டில்தான் படுக்க வேண்டும்.

நாலாவது தரம் எந்தப் பல்லும் நிற்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கினான்.

ஹாஜியார் படிக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கை சுவிட்சில். களவும் கையுமாக.

"கரண்ட் மிச்சம் பிடிக்கிறதெண்டால் நேர சொல்லுங்கோ ஹாஜியார். இதென்ன களவு வேலை? நான் அறையை விடுறன்."

சொல்லி முடித்த பிறகுதான் பதின்மூன்றாவது வீட்டுக்கு எங்கே போவது என்று யோசித்தான்.

ஹாஜியார் விரலை உதட்டில் வைத்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி றலியா, கிரைண்டருக்குள் தேங்காய் அரைவாசியில் நிற்கிறது, இந்த வீட்டில் மனுசர் சமைப்பதா வேண்டாமா என்று ஏசினார். அவருக்கும் அதே விரல்தான்.

வாசலுக்கு முன்னால் ஆமி ட்ரக் ஒன்று மெதுவாக உருண்டு வந்தது. பின்னால் இருந்த சிப்பாய் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். கொட்டாவி விட்டான். ட்ரக் வளைவில் திரும்பி மறைந்தது.

ஹாஜியார் சுவிட்சைப் போட்டார்.

"டிவிக்குள்ள சுட்டாலும் வெளிய சுட்டாலும் ரோட்டுல போறவனுக்கு ஒரே சத்தந்தானே, தம்பி. அது பத்தாதெண்டு, 'கோட்டையை உடைச்சிட்டன், ஒருத்தரையும் விடமாட்டன்' எண்டு தமிழ்ல வேற கத்துறீங்க."

காலையிலிருந்து தான் கத்தியதெல்லாம் வரதராசாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சிலது இதைவிட மோசம். நாலு ட்ரக் போயிருக்கிறது. நாலு தரம் இந்த மனுசன் கதிரையை விட்டு அசையாமல் காத்திருந்திருக்கிறார்.

"சத்தத்தைக் குறை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஹாஜியார்?"

"சொல்லத்தான் ஏறினேன். பாதிப் படியில திரும்பிட்டேன்."

"ஏன்?"

"நாலு வருஷமா இந்த வீட்டுல ஈக்கிறீங்க. தண்ணி கேக்கிறதெண்டாலும் காதுக்குக் கிட்ட வந்துதான் கேப்பீங்க. நீங்க வாய்விட்டுத் தமிழ் பேசி இண்டைக்குத்தான் கேட்டேன், தம்பி."