நடக்க முடியாதவர்களுக்காக

"ஏய்! யாரைக் கேட்டு அங்க உட்கார்ந்தே?"

முதலாளி போட்ட சத்தத்துல, ஷூ மாட்டிப் பார்த்துக்கிட்டிருந்த கஸ்டமரே பதறிப் போய் எழுந்து நின்னுட்டார்.

திட்டு அவருக்கில்ல, ஓட்டக்காரிக்கு. எங்க ஷூ கடையில லேடீஸ் செக்‌ஷன் பார்க்கிற பொண்ணு. கஸ்டமருக்குப் போட்டிருக்கிற சோபாவுல, ஓரமா ஒட்டிக்கிட்டிருந்தா.

"கால் வீங்கியிருக்கு சார். ரெண்டே நிமிஷம்..."

"நீ உட்கார்றதுக்கு நான் என்ன பார்க்கா கட்டி வெச்சிருக்கேன்? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வியாபாரமே இல்ல, உள்ள ஈ ஓட்டறாங்கன்னு நினைக்க மாட்டான்?"

எழுந்து நின்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு அந்த ஆளுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

அவ மூணு மாசமாத்தான் ஓடறா. யாரும் சொல்லி இல்ல, தானா. விடியக்காலைல ஸ்கூல் மைதானத்தைச் சுத்தி.

"ஏண்டி, நாள் பூரா நின்னு கால் கடுக்கறது போதாதா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"அந்த ஒரு மணி நேரம்தான் அக்கா, 'இங்க வா, அங்க போ'ன்னு யாரும் என்னைச் சொல்லாத நேரம்"னா.

ஓட்டக்காரின்னு பேர் வெச்சதே நான்தான்.

விஷயம் முதலாளி காதுக்குப் போச்சு. கடையோட பத்தாம் ஆண்டுக்கு, 'நடக்க முடியாதவர்களுக்காக ஓடுவோம்'னு ஒரு ஓட்டம் வெச்சார். அஞ்சு கிலோமீட்டர். கடை பேர் போட்ட பனியனை இவளுக்கு மாட்டி, எல்லாருக்கும் முன்னால ஓட விட்டார்.

நாலாவது கிலோமீட்டர்ல ஒரு பள்ளம். கணுக்கால் மடங்கிடுச்சு. பின்னால கார்ல வந்த முதலாளி மகராசன், "நிக்காதே, வீடியோ எடுக்கறாங்க!"ன்னு கத்தினார். மிச்ச தூரத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நொண்டியே முடிச்சா.

டாக்டர் ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னுட்டார். ரெண்டு வாரம் காலைத் தூக்கி வெச்சு உட்காரணும், பிடிவாதமா நின்னா அப்புறம் ஓட்டத்தையே மறந்துட வேண்டியதுதான்னு சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லீவு கேட்டா.

"உன்னை யார் ஓடச் சொன்னா?"ன்னார் முதலாளி.

அடப்பாவி! இப்படியே கேட்டார், கொஞ்சம்கூடக் கூசாம.

"ஒரு ஸ்டூலாவது போட்டுக்கட்டுமா சார்?"

"இன்னிக்கு உனக்கு ஸ்டூல். நாளைக்கு இன்னொருத்தி கட்டில் கேப்பா."

அதோட பேச்சு முடிஞ்சுது. வீட்ல இவ சம்பளம்தான் அடுப்பு எரிய வைக்குது. வாயை மூடிக்கிட்டு வந்து நின்னா.

கட்டு போட்ட கால் அவ ஷூவுக்குள்ள போகல. பழுதுன்னு ஒதுக்கின பெட்டியிலேர்ந்து ஒத்தை ஷூ ஒண்ணைத் தேடி எடுத்தா. வலது காலுக்கு ஆறு, இடது காலுக்கு எட்டு. சாப்பாட்டு நேரத்துல குடோன்ல ஷூ பெட்டிகளை அடுக்கி, அது மேல காலைத் தூக்கி வெச்சு, பக்கத்து ஜூஸ் கடை ஐஸைத் துணியில சுத்தி ஒத்திக்குவா. பத்து நிமிஷம். அப்புறம் பழையபடி நிக்கணும், மேல் தட்டுல இருக்கிற பெட்டிக்கு ஏணி ஏறணும்.

"வீக்கம் வத்தவே மாட்டேங்குது அக்கா. இனிமே என்னால ஓட முடியாதோன்னு பயமா இருக்கு"ன்னு அவ அழுதப்போ நானும் கூடச் சேர்ந்து அழுதேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆள் நல்லாவே இருக்க மாட்டான்னு தினமும் சபிச்சேன். பில் கவுண்டர்லேர்ந்து அவ நிக்கிறதைப் பார்க்கிறப்பல்லாம் கண் கலங்கிடும்.

பதினோரு நாள் இப்படியே போச்சு. பதினோராம் நாள் காலைலதான் சோபாவுல உட்கார்ந்து அந்தத் திட்டு வாங்கினா. அன்னிக்கு சாயங்காலம் இன்னொரு கூத்து.

அந்த ஓட்டத்தோட பேரால ஒரு பெரியவருக்குச் சக்கர நாற்காலி தர்றதா ஏற்பாடு. அவர் வந்த வண்டி வழியில நின்னு போச்சாம். பத்திரிகை போட்டோகிராபர் வாட்சைப் பார்த்தார்.

"யாரையாவது உட்கார வைங்க சார். எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்."

முதலாளி கடையை ஒரு சுத்து பார்த்தார்.

"நீ வா. கால்ல கட்டு இருக்கு, போட்டோவுக்குப் பொருத்தமா இருக்கும்."

ஓட்டக்காரி உட்கார்ந்தா. காலைத் தூக்கிப் பலகை மேல வெச்சதும் அப்படியே கண்ணை மூடிக்கிட்டா.

"கண்ணைத் திறந்து சிரிம்மா!"

நாலு போட்டோ. முதலாளி அவ தலைக்கு மேல கையை வெச்சு, தெய்வமாட்டம் நின்னார்.

"போதும், எழுந்திரு. அங்க கஸ்டமர் காத்திருக்காங்க பாரு. ஏழாம் நம்பர் எடுத்துக் காட்டு."

எடுத்துக் காட்டினா. அவங்க வாங்கின ஷூ பெட்டியைத் தூக்கிக்கிட்டு, நொண்டி நொண்டி என் கவுண்டருக்கு வந்தா. எனக்கு ஆத்திரம் தாங்கல.

"மனுஷனாடி இவன்? பண்றதையும் பண்ணிட்டு போஸ் வேற! கல்லுகூடக் கரைஞ்சிருக்கும். மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா..."

பெட்டியை என் முன்னால வெச்சுட்டு என்னையே பார்த்தா. அவ குரல்ல கோபம்கூட இல்ல.

"நீங்க லீவு போடற அன்னிக்கெல்லாம் உங்க நாற்காலியில உட்கார்ந்து பில் போடறது நான்தானே அக்கா? அதுக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இந்தப் பதினோரு நாள்ல ஒரே ஒரு நாள், 'நீ வந்து உட்காருடி, நான் போய் நிக்கிறேன்'னு நீங்க சொன்னீங்களா?"