தபால்காரருக்கு எது வலது?

“மாஸ்டர், இந்த வாரத்துல மட்டும் இது மூணாவது இடி!”

கணக்கு டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நூலகத்து ஹாலில் காலை ஆறு மணிக்கு நடக்கும் தாய்-சி என்ற சீன உடற்பயிற்சி வகுப்பு அப்படியே நின்றது.

எல்லாரும் வலது பக்கம் திரும்பி, வலது கையை மேகம் மாதிரி மெல்ல நகர்த்த வேண்டும். பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு தபால்காரர் மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தார். கை என்னவோ மேகம் மாதிரிதான் வந்தது. மூக்கில் இறங்கியபோதுதான் இடி.

“மன்னிச்சுக்கங்க டீச்சர்.”

“உங்களுக்கு இடது வலது தெரியாதா? முப்பது வருஷம் எப்படித்தான் சரியான வீட்ல தபால் போட்டீங்க?”

“அதான் என் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துகூட வரலை!” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. ஹாலே சிரித்தது.

தபால்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஜன்னலோரம் வைத்திருந்த தாய்-சி புத்தகத்தை எடுத்து, பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார்.

மாஸ்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை. “முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க சார். புத்தகம் பார்த்து யாராச்சும் நீச்சல் கத்துக்குவாங்களா? உடம்பு படிக்கணும், கண்ணு இல்ல.”

“எனக்கு ரெண்டும் வேணும் மாஸ்டர்.”

“ரெண்டும் இருந்தும் தப்பாத்தானே வருது?”

தபால்காரர் புத்தகத்தை மூடி, மறுபடியும் ஜன்னலோரம் வைத்தார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் மாஸ்டரைத் தனியாக மடக்கினார். “ஒண்ணு அவர், இல்ல நான். ஏட்டுச் சுரைக்காய் பக்கத்துல நின்னு என் மூக்கைப் பறிகொடுக்க முடியாது.”

“நாளைக்கே சொல்லிடறேன் டீச்சர். அவர் இடத்துக்கு எத்தனையோ பேர் காத்திருக்காங்க.”

செருப்பு மாட்டும்போது பார்த்தால், ஜன்னலோரத்தில் அந்தப் புத்தகம். மறந்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கொடுத்த மாதிரியும் ஆச்சு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்ட மாதிரியும் ஆச்சு என்று டீச்சர் கிளம்பினார்.

வழியில் சும்மா புரட்டினார். நடை நின்றுவிட்டது.

‘வலது’ என்று அச்சடித்த இடமெல்லாம் அடித்து, பென்சிலால் ‘இடது’. ‘இடது’ எல்லாம் ‘வலது’. ஒரு பக்கம் விடவில்லை.

“மனுஷன் தெரிஞ்சேதான் இடிக்கிறாரா!”

கோபத்தோடு படியேறினார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாற்காலியில் ஓர் அம்மா. எதிரே தபால்காரர். அவர் இடது கையை மெல்ல உயர்த்தினார். கண்ணாடிக்குள்ளிருந்து உயர்வது போல, அந்த அம்மாவின் வலது கை நடுங்கி நடுங்கி மேலே வந்தது.

“அடடே, டீச்சர்! உட்காருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்று தபால்காரர் சமையலறைக்குள் ஓடினார்.

“என் வீட்டுக்காரர் புத்தகத்தைத் தேடித் தேடி வீட்டையே புரட்டிட்டார்” என்று அந்த அம்மா சிரித்தார். “பக்கவாதம் வந்தப்புறம் எனக்கு இடது வலது பிடிபடறதே இல்லை டீச்சர். எதிர்ல நின்னு காட்டினாத்தான் கை வருது. அதான் எல்லாத்தையும் மாத்திக் கத்துக்கிறார். வெறும் புத்தகம்னா கால் பின்னிக்குது. வெறும் வகுப்புன்னா பக்கம் மறந்துபோகுது. பாவம், ரெண்டையும் கட்டிக்கிட்டு அழறார்.”

“மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“நான்தான் சத்தியம் வாங்கிட்டேன். நாலு பேர் வந்து உச்சுக் கொட்டிட்டுப் போனா, இருக்கிற தெம்பும் போயிடும்.” குரலைத் தாழ்த்தினார். “அங்க இவர் பக்கத்துல ஒருத்தங்க நிக்கிறாங்களாமே? எத்தனை தடவை இடிச்சாலும் முகம் சுளிக்க மாட்டாங்களாம். அவங்க புண்ணியத்துலதான் என் வகுப்பு ஓடுதுன்னு தினமும் சொல்வார். அவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

டீச்சர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

“இல்லைம்மா. அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை.”

டீயைக் குடித்துவிட்டுத் தெருவுக்கு வந்ததும் மாஸ்டருக்குப் போன் போட்டார்.

“மாஸ்டர், அந்தப் புகாரை மறந்துடுங்க. இத்தனை நாளா தப்பான பக்கத்துல நின்னது நான்தான்.”