அடுப்படி வரை போன பாராட்டு

சூப் ஒரு வாய் உள்ளே போனதுமே சின்னவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "சூப்பர்ப்பா."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. ஊரில் ஒரு பெரிய மெஸ்ஸில் அடுப்புக்கு அதிபதி. குடும்பத்தோடு வெளிநாடு வந்திருப்பது இதுதான் முதல் தடவை. அவரும் ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வெந்நீரில் காய்கறி கால் நனைத்துவிட்டுப் போயிருந்தது.

"இதுவாடா சூப்பர்?"

"ஆமாப்பா" என்றாள் பெரியவள். அவள் தட்டு ஏற்கெனவே காலி. வேகவைத்த உருளைக்கிழங்கு, மீன் துண்டு, தடித் தடியான ரொட்டி எல்லாம் போன இடம் தெரியவில்லை.

அதோடு விட்டார்களா? நாற்காலியை விட்டு இறங்கி நேரே அந்தச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டு வாசலுக்குப் போனார்கள். 'ரொம்ப நல்லா இருந்தது' என்பதை அந்த நாட்டுப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று, தங்கியிருந்த ஹோட்டலில் கேட்டு, ஊர் வந்து இறங்கிய அன்றே மனப்பாடம் செய்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்து அதை ஒப்பித்தார்கள். தொப்பி போட்ட சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்து இருவருக்கும் கை கொடுத்தார்.

வந்த நாளிலிருந்து எல்லாக் கடையிலும் இதே கூத்து.

ஊர் சுற்றுவதில் இந்த ஆர்வம் உண்டா என்றால் கிடையாது. காலையில் கோட்டைக்குக் கூட்டிப் போனார். சின்னவன் அதன் வாசலில் தூங்கிய பூனையைத்தான் பார்த்தான். மூச்சு வாங்கக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, "என்ன தெரியுது?" என்று கேட்டதற்கு, "நாம வந்த பஸ் தெரியுதுப்பா" என்றாள் பெரியவள். சாப்பாட்டுக்கு மட்டும் சர்டிபிகேட்.

"பார்த்தியா?" என்று மனைவியிடம் பொருமினார். "வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கும் வீட்ல நான்தான் சமைக்கிறேன். ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு வாயைத் திறந்திருக்குங்களா? தட்டைக் காலி பண்ணிட்டு விளையாட ஓடிடும்."

"ஆரம்பிச்சாச்சா?"

"மெஸ்லயும் அதே கதைதான். அத்தனை பேர் சாப்பிடுறான். எவனாவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கானா? உப்பு ஒரு கல் கூடிட்டா மட்டும் வரிசையா வந்து நிப்பான்."

"இதைத்தான் தினம் வீட்டுக்கு வந்து புலம்பறீங்களே. பக்கத்து வீட்டுக்கே மனப்பாடம். இங்கயுமா?"

மாஸ்டருக்கு மனசு அடங்கவில்லை. ஒருவேளை நம்ம சமையலே அவ்வளவுதானோ? பெற்ற பிள்ளைகளுக்கே பிடிக்கவில்லையே. இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கையை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார். நிஜமாகவே வலித்தது.

ஹோட்டலுக்குத் திரும்பினார்கள். அறைச் சாவிக்காக மனைவி கைப்பைக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் "சீ" என்று வெளியே இழுத்தாள். விரலெல்லாம் உருளைக்கிழங்கு.

பையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். டிஷ்யூவில் பொதிந்த மீன் விழுந்தது. ஓரம் மட்டும் கடித்த ரொட்டி விழுந்தது. சாவி கடைசியாக வந்தது.

பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"மத்த கடையில எல்லாம் பக்கத்துலயே குப்பைத்தொட்டி இருந்துச்சு" என்றான் சின்னவன். "இன்னிக்குப் போன கடையில இல்ல."

"அப்போ சாப்பாடு நல்லா இல்லையா?" மாஸ்டரின் குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

"வாயிலயே வைக்க முடியலப்பா."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போய் நல்லா இருக்குன்னு சொன்னீங்க? பொய் சொல்றது தப்பில்ல?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"யாரும் சொல்லலைன்னா அவரும் வீட்டுக்குப் போய்ப் புலம்புவார்ல? அவங்க வீட்டுப் பசங்க பாவம். எப்படிப்பா தூங்குவாங்க?"

மனைவி சட்டென்று குனிந்து, கொட்டிக் கிடந்த ரொட்டியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"அது சரி. என் சமையலை மட்டும் ஏன் ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொல்றதில்ல?"

இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல் சின்னவன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க சமையல் என்னிக்காவது அம்மா பைக்குள்ள போயிருக்காப்பா?"