ஒரே தட்டு

“எனக்கும் எவர்சில்வர் டம்ளர்லயே காப்பி குடுங்கம்மா.”

அடுத்தவர் வீட்டில் இப்படிக் கேட்கவே கூடாது என்று என் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்திருந்த ஹெல்காவோடு, சனி ஞாயிறுக்கு என்னையும் நாயுடுபுரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள் சுமலதா. விடுதியில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள்.

“டம்ளர் பத்தலம்மா,” என்று பேப்பர் கப்பை நீட்டினார் அவள் அம்மா. ஹெல்காவுக்கு மட்டும் டம்ளர் இருந்தது.

அவர் உள்ளே போனதும் சுமலதாவை முறைத்தேன்.

“கோச்சுக்காத தேவகுமாரி. ஹெல்கா ப்ராஜெக்ட்டே சாதி பத்தித்தான். எங்கம்மா இப்படித்தான் குடுப்பாங்கன்னு தெரியும். அவ நேர்ல பாக்கணும்னா, அதான் உன்னையக் கூட்டியாந்தேன்.”

ஹெல்காவின் கேமரா ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தது.

“இனிமே உன் தட்டு வேற, என் தட்டு வேற,” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி நடந்தேன்.