தொட்டிக்குள் தெளித்த மஞ்சள்நீர்

கோழிப்பண்ணை எருவை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து கேஸ் எடுத்து, தங்கள் சோளக்காட்டுக்கு அடியில் ஓடும் தேசிய எரிவாயுக் குழாயில் சேர்க்க வசந்தாமணி வருஷக்கணக்கில் அலைந்திருந்தாள். "கோழிப்பீயை டெல்லிக்கு அனுப்பறாளாம்" என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. இன்றுதான் முதல் நாள். காலையில் பூஜை முடிந்தது. ஆனால் வால்வு திறந்த வேகத்தில் தானாகவே மூடிக்கொண்டது.

"உங்க கேஸ்ல காத்து கலந்திருக்குதுங்க. பெரிய லைன் ஏத்துக்காது. இருக்கறத எரிச்சுவிட்ருங்க. அடுத்த தடவை எப்பன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் குழாய்க் கம்பெனிப் பொறியாளர்.

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். நாச்சிமுத்து வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான்.

"ஏனுங்க, தொட்டி மூடியத் தொறந்தீங்களா?"

"வெளிய மாலை போட்டா மட்டும் போதுமா அம்மிணி? கொஞ்சமாத் தொறந்து உள்ள மஞ்சத்தண்ணி தெளிச்சேன். நல்லதுக்குத்தான்..."

"அப்படியே எல போட்டு நாலு பேருக்குச் சோறும் போட்ருக்கலாமே!"

பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எரிகுழாயைப் பற்றவைக்கும் பொத்தானை நாச்சிமுத்துவிடம் காட்டினார். "முதலாளி நீங்கதானுங்களே?"

வசந்தாமணி கணவனை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். "நான் சேத்த கேஸுங்க. நானே கொளுத்தறேன்."

உச்சிவெயிலில் தீ சீறிக்கொண்டு எழுந்தது.

"தள்ளி நில்லு கண்ணு, காந்துது."

"காந்தட்டும்."

நாச்சிமுத்து தயங்கித் தயங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவன் மீசையில் வியர்வை வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைப் போகச் சொல்லவும் இல்லை.