சிரித்த சிப்பாய்

திரையில் அந்தச் சிப்பாய் அலுமினியத் தட்டோடு திரும்பிச் சிரித்ததும், மணலில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.

ராசிபுரம் சந்தைத் திடலில் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்த சென்னிமலைக்கு மனசு கேட்கவில்லை. சர்க்கார் கட்டாயமாக ஓட்டச் சொன்ன இந்த யுத்தப் படத்தை ஒருத்தனும் சீந்துவதில்லை. பீடி, சோடா எல்லாம் முடித்துக்கொண்டு பெரிய படத்துக்குத்தான் உள்ளே வருவார்கள். இவள் ஒருத்தி மட்டும் யுத்தப் படத்துக்கென்றே டிக்கெட் வாங்கி, பெரிய படம் தொடங்கியதும் எழுந்து போய்விடுவாள்.

அன்று வாசலில் அவளை மறித்தார். “ஏனாத்தா, அந்தப் பையன்...?”

“எங்கூட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவனுங்க. பட்டாளத்துக்கா போயிட்டான்? இத்தன நாளாத் தெரியாமப் போச்சுங்களே!” அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “குண்டு கிண்டு பட்டுருமுங்களா? பட்டுறப்படாது சாமி. உசுரோட ஊரு வந்து சேரோணும். தெனமும் மாரியாத்தாளுக்கு வெளக்கு வெக்கறனுங்க.”

பெத்த வயிறு என்று நினைத்துக்கொண்ட சென்னிமலை, அதற்கப்புறம் அவளிடம் காசு வாங்கவில்லை. ஒரு நாள் வற்புறுத்திப் பெரிய படத்தையும் பார்க்க வைத்தார். ஊரே மூக்கைச் சிந்தின படம் அது.

“எப்படி ஆத்தா இருந்துச்சு?”

“பாட்டெல்லாஞ் செரிங்க. கடைசிதான் எனக்கு ஒப்பல. அத்தன அக்குருமம் பண்ணுனவனைப் பாம்பு கடிச்சுச் சாகடிச்சுப்போட்டாங்க. பாம்புக்கும் அவனுக்கும் என்னுங்க வழக்கு? ஊருசனத்துக்கு முன்னால அவன் தலை குனிஞ்சு நிக்க வேண்டாமுங்களா?”

“நீ படம் எடுத்தா நானே வாங்கி ஓட்டறேன், போ!” என்று சிரித்தார் சென்னிமலை.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அதிகாரி சேலத்திலிருந்து வந்தபோது, அவரிடம் இந்தத் தாயின் கதையை உருக்கமாக எடுத்துவிட்டார். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிப்பாயையே கொண்டுவந்து மேடையில் நிறுத்தினால் ஜில்லாவே பட்டாளத்தில் சேருமே! அவனிடம் காரணம் சொல்ல வேண்டாம், தாயைக் கண்டு திகைக்கட்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. உத்தரவு என்றால் அவன் வந்துதானே ஆகவேண்டும்?

“உம்பையனைக் கூட்டியாரச் சொல்லியாச்சு ஆத்தா” என்றபோது, அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். யுத்தப் படம் மாறி வேறு படம் வந்த பிறகும், “அவன் வர்றதா ஏதாச்சும் தாக்கல் உண்டுங்களா?” என்று தினமும் வந்து கேட்டுப் போனாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவன் வந்தே விட்டான். கொட்டகை கொள்ளாத கூட்டம். மேடையில் அதிகாரியும் சப்-இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் விறைப்பாக நின்றான் சிப்பாய். சென்னிமலை சம்பங்கி மாலையை அத்தாயியின் கையில் கொடுத்து, “போ ஆத்தா, உம்பையன் கழுத்துல போடு” என்று மேடையேற்றினார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அவளைக் கண்டதும் சிப்பாயின் முகம் வெளுத்தது. ஓர் அடி பின்னால் போனான். அங்கே திரை இருந்தது, வழி இல்லை. சந்தோஷத்தில் திகைக்கிறான் என்று கூட்டம் கைதட்டியது.

அத்தாயி அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். இன்று அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவனைத் தாண்டிப் போய், மாலையைச் சப்-இன்ஸ்பெக்டருக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

“எசமாங்க, எம்பையனை வெட்டிப்போட்டு ஓடுனவன் இவந்தானுங்க.”