இடது காது மட்டும்

மறுபடியும் விழுந்தது.

இந்த முறை சோபாவுக்கு அடியில், விளக்குமாறு எட்டாத மூலையில்.

அவள் முட்டி போட்டுக் குனிந்து, கையை விட்டுத் துழாவி, அந்த இடது இயர்பட்டை வெளியே எடுத்தாள். கூடவே ஒரு பேனா மூடியும் ஒரு பிடி தூசியும் வந்தன. கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. வலது காதில் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு, கைப்பிடியில் விரலால் தாளம் போட்டபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஊரார் காதெல்லாம் அவள் கைக்கு அடங்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒட்டிய காது, விரிந்த காது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய காது, எதுவானாலும் கம்பியைச் சூடு காட்டி வளைத்து ஒரே தடவையில் உட்கார வைத்துவிடுவாள். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து பார்வை நன்றாக இருக்கிறது என்று சாதிக்கிற கில்லாடிகளும் அவளிடம் தப்ப முடியாது. சத்தமில்லாமல் அட்டையை மாற்றி மாட்டுவாள். அவர்கள் பழைய எழுத்தையே கடகடவென்று ஒப்பிப்பார்கள், பாவம்.

கட்டிய கணவரின் இடது காதுதான் வழிக்கு வரவில்லை.

இயர்பட் முனையில் சின்ன ரப்பர் போட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது. பெரிய ரப்பர் போட்டால் வலிக்கிறது என்கிறார். நடுத்தர ரப்பர் ஒரு கொட்டாவிக்குத் தாங்கவில்லை. நுரை வைத்தது, கொக்கி வைத்தது என்று கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிப் போட்டும் ஆயிற்று. எல்லாம் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.

தூக்கிப் போட்டுத் தொலையுங்கள் என்றால் கேட்கிற ஆளா? அச்சகத்தில் பாதி ஆயுளை மிஷின் பக்கத்திலேயே கழித்துவிட்டு, போன வருஷம்தான் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலைக்கு மாறினார். அன்று பிடித்த பைத்தியம் இது. ஆபீஸில் பாட்டு, பஸ்ஸில் பாட்டு, வீட்டில் பாட்டு. போன் பேச மாட்டார், மெசேஜ்தான் அனுப்ப வேண்டும். ஆபீஸில் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டுமாம். 'பாட்டுக்காரர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதில் மனுஷருக்கு ஏகப் பெருமை.

இன்று அவளுக்கு அந்தக் கூத்தைச் சகிக்கப் பொறுமை இல்லை.

கடைக்காரர்கள் வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். சரி என்று சொன்னால் அவள்தான் மேனேஜர். வாரம் முழுக்க அங்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே. சாயங்காலத்துக்குள் பதில் அனுப்பியாக வேண்டும்.

மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே ஒரு தடவை, காலையில் தலை சீவிக்கொண்டே ஒரு தடவை. 'போ' என்று ஒரு வார்த்தை கிடையாது, 'போகாதே' என்று ஒரு வார்த்தை கிடையாது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. 'போகாதே' என்று சொல்ல மாட்டாரா என்றுதான் அவளுக்கு உள்ளூர இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இதுதான் மரியாதை என்றால் போய்ச் சேர்வதே மேல் என்று, போனில் 'சம்மதம்' என்று அடித்து வைத்திருந்தாள். அனுப்புவதுதான் பாக்கி.

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று ரப்பரை மாற்றினாள். எந்தக் காதுக்காவது இது பொருந்துமா என்று தன் காதிலேயே வைத்துப் பார்த்தாள்.

அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பாட்டுதான் வரவில்லை.

சார்ஜ் ஏற்றுகிற டப்பாவில் போட்டு எடுத்தாள். அதில் விளக்கே எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. சார்ஜர் வயர் அவள் கைப்பையில் கிடக்கிறது. போன வாரம் கடைக்கு எடுத்துப் போனவள் திருப்பி வைக்கவே இல்லை.

ஒரு வாரமாகச் செத்துக் கிடக்கிற டப்பா! அப்படியென்றால் அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இந்தக் கல்லுளிமங்கன் வாயைத் திறக்காமல் இருந்தாரா? அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் இன்னிக்கே கிளம்பிப் போறேன். உங்க பாட்டை நீங்களே கேட்டுக்கிட்டு கிடங்க," என்றாள், அவர் பின்மண்டையைப் பார்த்து.

கைப்பிடியில் தாளம் நிற்கவில்லை.

அடுத்த வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது அங்கேயே நின்றது. அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். இல்லாத பாட்டுக்கு அவை பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தன.

அட்டையை மாற்றிய பிறகும் ஒப்பிக்கிறவர்களின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

தன் காதிலிருந்ததைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ரப்பர் டப்பாவைக் கொட்டி, ஒவ்வொன்றாக அவர் காதில் வைத்துப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிற நிதானத்தை இந்தக் காதிடம் இதுவரை காட்டியதில்லை. மடலை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, மோவாயைத் தொட்டு வாயைத் திறக்க வைத்து, உள்ளே வைத்து மெல்லத் திருகினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

விழவில்லை. ஆபீஸில் விழவே கூடாது.

"இப்பதான் பாட்டு நல்லா கேக்குது," என்றார் அவர், கொஞ்சம் சத்தமாக.

அவள் முன்பக்கம் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தாள். அவர் பார்வை அவள் உதட்டில் வந்து நின்றது.

புதுக் கிளை விஷயத்தை முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.

'வேறு ஊர்' என்ற இடத்தில் தாளம் நின்றது.